கடிகாரத்துக்கு முக்காடு போடுகிறவள்

காலையில் அறைக்குள் நுழைந்ததும் கிரிசெல்டா சிப்பானா செய்கிற முதல் காரியம் சுவர்க் கடிகாரத்துக்கு முக்காடு போடுவது. அதற்கென்றே ஒரு பழைய கம்பளித் துண்டு ஆணியில் தொங்குகிறது. பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் போடுவாள், கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பாள். அந்த அறைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், கடிகாரம் எப்படி இருக்கும் என்பதைத் தன் மண்டைக்குள்ளிருந்துதான் எடுத்துத் தர வேண்டும். சுவரைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. இதில் ஒரு சங்கடம், அவளுக்கும் பொழுது போவது தெரியாது. மதியம் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சாப்பாட்டறையில் போய் நிற்பாள். "சூப் தீந்துபோச்சு" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவாள்.

அடுத்தது பென்சில். புதுப் பெட்டி வந்தால், ஒவ்வொரு பென்சிலின் வாலிலும் இருக்கும் ரப்பரைக் குறடால் பிடுங்கிக் குப்பையில் எறிந்துவிடுவாள். "அழிச்சுட்டா நான் எதப் பாக்குறது? தப்புதான் எனக்குப் பாடம்," என்பாள். அவள் மேசையில் ரப்பர் கேட்ட மருத்துவ மாணவி ஒருத்திக்குக் கிடைத்த முறைப்பு இன்னமும் அந்த நடைக்கூடத்தில் பேசப்படுகிறது.

லா பாஸ் நகரத்தில், மிராஃப்ளோரஸ் பக்கம், ஞாபக மறதிக்காரர்கள் வந்துபோகும் சின்ன மருத்துவமனை ஒன்று. அங்கே அவள் வேலை, வருகிறவர்களைப் படம் போட வைப்பது. ஒரு வட்டம், அதற்குள் எண்கள், பதினொன்று பத்தைக் காட்டும் இரண்டு முட்கள். அப்புறம் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒரு விபரீதமான உருவம். அதைப் பார்த்து ஒரு தடவை போட வேண்டும், சற்று நேரம் கழித்துப் பார்க்காமல் ஒரு தடவை போட வேண்டும். நரம்பு டாக்டர் எந்த முடிவுக்கு வருவதற்கு முன்னாலும் இவளுடைய காகிதத்தைத்தான் புரட்டுவார். வருகிறவர்கள் இவளையும் டாக்டரம்மா என்பார்கள். "டாக்டர் அடுத்த ரூம்ல இருக்காரு. நான் கிறுக்க வைக்கிறவ," என்று திருத்துவாள். யாரும் திருந்தியதில்லை.

"எனக்கு வரைய வராதும்மா" என்று ஆரம்பிக்காதவர் கிடையாது. அதற்கு அவளிடம் தயாராக ஒரு பதில் உண்டு. "எனக்கு ஓவியம் வேணும்னா மியூசியத்துக்குப் போக மாட்டேனா? உங்க கைக்கு என்ன தோணுதோ அதப் போடுங்க." போடும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். அந்தக் குறுக்குக்கோட்டு உருவத்தில் ஓய்வுபெற்ற மினிபஸ் ஓட்டுநர் ஒருவர் கதவு கழன்ற வண்டியைக் கண்டார். கன்னியாஸ்திரீ ஒருவர் மாதா கோயிலைக் கண்டார். சுரங்கத்தில் வேலை பார்த்தவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது இடிஞ்சு விழப்போகுது, நான் உள்ள போகமாட்டேன்," என்றார். எல்லாருக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே, எந்தக் கோட்டை முதலில் போட்டார்கள், எதை விட்டார்கள் என்று குறித்துக்கொள்வாள்.

முன்பெல்லாம் மதிப்பெண் போடுவதும் அவள்தான். கோணமானியும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து பத்துக்கு எத்தனை என்று முடிவு கட்டுவாள். அவள் கணக்கில் யாரும் குறுக்கே வந்ததில்லை, இவேர் வருகிற வரைக்கும். இவேர் கொச்சபாம்பாவிலிருந்து வந்த கணினிக்காரன். பேச்சில் மரியாதையும் வேலையில் ஈவு இரக்கமின்மையும் கலந்த பிள்ளை. அவளுடைய பழைய காகிதங்களையெல்லாம் வாங்கிக்கொண்டு போய் ஒரு வாரம் கழித்துத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சல்தேன்யா சாப்பிடுறதுக்கு முன்னாடி நீங்க போட்ட மார்க்கும் சாப்பிட்ட பிறகு போட்ட மார்க்கும் ஒத்துப்போகல. முன்னாடி ஒரு மார்க் கம்மியா விழுது."

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது பத்து மதிப்பெண்ணுக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது. கிரிசெல்டாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவனோடு பேசாமல் இருந்தாள். அவன் சொன்னதைத் தானே ஒருநாள் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு முதல் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்பே, இறைச்சியும் குழம்பும் அடைத்த அந்தச் சல்தேன்யாவை, சாறு சட்டையில் ஒழுகாமல் உறிஞ்சிக் கடித்து முடித்துவிடுகிற பழக்கம் வந்தது. இவேர் கொண்டுவந்த இயந்திரத்தையும் ஏற்றுக்கொண்டாள்.

இயந்திரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கழுத்தை வளைத்துக் காகிதத்தைப் பார்க்கும் ஒரு காமிரா, பின்னால் ஒரு கணினி. படத்தைப் பார்த்ததும் வட்டம் எவ்வளவு வட்டம், எண்ணுக்கும் எண்ணுக்கும் எவ்வளவு தள்ளி, முட்கள் எந்தக் கோணத்தில் என்று தனித்தனியாகப் பிரித்து அளக்கும். பிறகு ஒரு மதிப்பெண், ஒரு நிறம். பச்சை நல்லது, மஞ்சள் கவனிக்க வேண்டியது, சிவப்பு கைமீறியது. பசி கிடையாது, தூக்கம் கிடையாது, யார் முகத்துக்காகவும் ஒரு புள்ளி விட்டுக்கொடுக்காது. எதைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிக்கும். அதனால் மருத்துவமனையில் அதற்கு மாமியார் என்று பெயர். "மாமியார் என்ன சொல்றாங்க?" "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காங்க." இப்படித்தான் பேச்சு ஓடும்.

கிரிசெல்டாவுக்கு ஒரே ஓர் ஆடம்பரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முரில்யோ சதுக்கத்தில் உட்கார்ந்து புறாவுக்கு மக்காச்சோளம் போடுவது. அங்கே பாராளுமன்ற மண்டபத்துக்கு எதிரில் சின்ன முக்காலி போட்டுச் சோளம் விற்கிறவர் சத்துர்னினா அம்மாள். மடிப்புப் பாவாடை, வட்டத் தொப்பி, பாதிப் பல். புறாக்களையும் மந்திரிகளையும் ஒரே மாதிரி திட்டுவார்.

அந்தச் சத்துர்னினா அம்மாள் ஒரு செவ்வாய்க்கிழமை இவள் அறைக்குள் வந்து நின்றார். பின்னால் மகள் மாரிபெல்.

"அட, நம்ம ஞாயித்துக்கிழமை கசேரா!" என்றார் அம்மாள். விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிற சொல் அது. "நீங்க டாக்டரம்மாவா? சொல்லவே இல்லையே. தெரிஞ்சிருந்தா நல்ல சோளமாப் பொறுக்கிக் குடுத்திருப்பேனே!"

விஷயம் இதுதான். மேட்டுத்தெருவில் ஓர் அறையில் அம்மாள் தனியாக இருக்கிறார். போன மாதம் அடுப்பை அணைக்காமல் சதுக்கத்துக்கு வந்துவிட்டார். பக்கத்து வீட்டார் கதவை உடைத்தார்கள். வெயில் ஊரான சாந்தா க்ரூஸில் அழகு நிலையம் நடத்தும் மாரிபெல் பேருந்து பிடித்து ஓடி வந்தாள். தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அம்மாள் மாட்டேன் என்றார். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம். டாக்டர் பரிசோதித்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் அம்மாள் இங்கேயே தனியாக இருக்கலாம். இல்லையென்றால் மறுபேச்சுப் பேசாமல் மூட்டை கட்ட வேண்டும்.

"அவ வீட்டுல ஏசி இருக்காம், டாக்டரம்மா. ஏசி எனக்கு எதுக்கு? இங்க தெருவே ஏசிதானே! அந்த வெக்கையில என்னைக் கொண்டுபோய் வச்சா ரெண்டே மாசத்துல கருவாடு."

"அம்மா, சும்மா இரு. சொன்னதச் செய்."

மாரிபெல்லை வெளியே உட்காரவைத்துவிட்டுச் சோதனை தொடங்கியது. மேசை, கழுதை, மழை என்று மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துக் கிரிசெல்டா திருப்பிக் கேட்டாள். "கழுதை, மழை," என்றார் அம்மாள். மூன்றாவது? "மூணாவது ஒண்ணு கிடையாது. உங்களுக்கு அப்படி ஒரு நெனப்பு." கிரிசெல்டாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காகிதத்தைத் தள்ளினாள். "ஒரு கடிகாரம் போடுங்க. பதினொண்ணு பத்து காட்டட்டும்."

அம்மாள் பென்சில் முனையை நாக்கில் நனைத்துக்கொண்டார். வட்டம் சல்லடை மாதிரி அழகாக விழுந்தது. உச்சியில் பன்னிரண்டு. அடுத்து ஒன்று. அது இடப்பக்கம் இறங்கியது. இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் இடப்பக்கமாகவே வரிசை பிசகாமல் இறங்கி, பதினொன்று வலப்பக்கம் வந்து பன்னிரண்டோடு சேர்ந்தது. கிரிசெல்டாவின் கவனம் முழுக்க அந்த எண்களோடேயே ஓடிவிட்டது. அம்மாள் முட்களைப் போட்டு நிமிர்ந்தபோது, இவள் அதற்குள் காகிதத்தை எடுத்துக் காமிராவுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் ஒரு கணம் யோசித்தது. சிவப்பு. பத்துக்கு இரண்டு.

கிரிசெல்டா கைகொட்டிச் சிரித்தாள். பாராளுமன்ற மண்டபத்தின் நெற்றியில் இருக்கிற கடிகாரம் இடப்பக்கமாகத்தானே சுற்றுகிறது! பூமியின் தென்பாதியில் இருப்பவர்களுக்கு நிழல் அப்படித்தான் சுற்றும், நம் கடிகாரமும் அப்படியே சுற்றட்டும் என்று அரசாங்கம் ஒருநாள் திருப்பி வைத்தது. பாதி ஊர் கைதட்டியது, பாதி ஊர் தலையில் அடித்துக்கொண்டது, அப்புறம் எல்லாருக்கும் பழகிவிட்டது. அதற்கு நேர் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷிக்குக் கடிகாரம் என்றால் அதுதான். சுவர்க் கடிகாரத்துக்கு முக்காடு போடலாம், சதுக்கத்துக் கடிகாரத்துக்கு யார் போடுவது?

காகிதத்தைத் தூக்கிக்கொண்டு இவேர் அறைக்கு நடந்தாள். நடையில் ஒரு துள்ளல்.

"தம்பி, உங்க மாமியாருக்கு எந்த ஊரு?"

"ஏன் அக்கா?"

"முரில்யோ சதுக்கத்துப் பக்கம் தலைவச்சுப் படுத்ததில்லையோ? இதப் பாரு."

இவேர் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். "அதுக்குக் கத்துக்குடுத்த படமெல்லாம் வெளியூர்லேருந்து வந்தது, அக்கா. அதுல ஒண்ணுகூட இடப்பக்கம் சுத்தல. எனக்கும் தோணல."

"அப்போ மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா? என் சல்தேன்யா கணக்க மட்டும் ஒரு வாரம் தோண்டித் துருவினீங்களே!"

"மன்னிச்சுக்கோங்க. இப்பவே படத்தத் திருப்பிடுறேன். கண்ணாடியில பாக்குற மாதிரி. எண்ணெல்லாம் திரும்பிக்கும், அத மட்டும் ஒவ்வொண்ணா நேராக்கணும். கொஞ்சம் இருங்க."

அவன் தட்டிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் நின்று தாளம் போட்டாள். ஒரு மனுஷியை இயந்திரத்தின் வாயிலிருந்து பிடுங்கி எடுத்துவிட்ட சந்தோஷம். மாரிபெல்லிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூட வாசகம் தயாராகிவிட்டது. உங்க அம்மா தப்பாப் போடல, நம்ம ஊர்க் கடிகாரத்தப் போட்டிருக்காங்க. அவ்வளவுதான்.

திரையில் வட்டம் பச்சையானது. எண்கள் பச்சையாயின. மதிப்பெண் இரண்டிலிருந்து ஏழுக்குத் தாவியது.

"முள்ளு மட்டும் சிவப்பாவே நிக்குது," என்றான் இவேர். "இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கவா, அக்கா?"

கிரிசெல்டா குனிந்து பார்த்தாள். சின்ன முள் பதினொன்றில் இருந்தது. பெரிய முள் பத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"வேண்டாம்," என்றாள்.

கடிகாரம் இடமாகச் சுற்றினாலும் வலமாகச் சுற்றினாலும் பத்து நிமிடம் என்பது இரண்டின் மேல்தான். காதில் விழுகிற பத்தை மனசுக்குள் இரண்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றுகிற இடம் தளர்ந்துபோனவர்களுக்கு, முள் நேராகப் பத்துக்கே போய்விடும். கோணல் வட்டம், நெருக்கி எழுதிய எண் இதையெல்லாம் அவள் பொருட்படுத்துவதில்லை. கை நடுக்கமாக இருக்கலாம், கண்ணாடி பழசாக இருக்கலாம். இது ஒன்றைத்தான் அவள் பயந்து தேடுவாள். எண்கள் திரும்பியிருந்த சந்தோஷத்தில் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஒரு படத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று சொல்லிக்கொண்டு அறைக்குத் திரும்பினாள். சதுக்கத்துக் கடிகாரத்தைத் தானே வரைந்து, முட்களை மட்டும் அம்மாளைப் போடச் சொல்லலாம் என்று நினைத்தாள். எண்களை இடப்பக்கமாக எழுதப் போனவளுக்கு நாலு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு விழுந்துவிட்டது.

"தப்பு, தப்பு," என்று குதூகலித்தார் அம்மாள். "அழிச்சுட்டுப் போடுங்க."

"ரப்பர் இல்லம்மா."

"இத்தன பெரிய ஆஸ்பத்திரியில ஒரு ரப்பர் இல்லையா? உங்களையும் ஒரு தடவ யாராவது பாக்கணும் போல இருக்கே, கசேரா."

வேறு காகிதம் எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒழுங்காக முடித்தாள். "பதினொண்ணு பத்து வைங்க."

அம்மாள் சின்ன முள்ளைப் பதினொன்றில் வைத்தார். பெரிய முள்ளைப் போடப் போன பென்சில் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு பத்தில் இறங்கியது. "பதினொண்ணு. பத்து. நீங்க சொன்னதுதானே?"

"சரிம்மா. இதுல ஏழு இருபது வைங்க."

ஏழு கிடைத்தது. இருபதைத் தேடிப் பென்சில் வட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தது. மறுபடியும் சுற்றி வந்தது. அம்மாள் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "இருபதக் காணமே. அந்த மண்டபத்துக்காரனுங்க அதையும் தின்னுட்டானுங்களா?"

கிரிசெல்டா சிரித்தாள். நல்ல வேடிக்கைதான், வேறு நாளாக இருந்தால் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் சொல்லியிருப்பாள். சிரித்து முடித்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்துபோய் மாரிபெல்லைக் கூப்பிட்டாள்.

"பச்சையா, சிவப்பா?" என்று கேட்டார் அம்மாள். நடைக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மஞ்சள்."

"மஞ்சளப் பத்தி நாங்க பேசலையே," என்று அம்மாள் மகளைப் பார்த்தார். "மஞ்சள்னா பாதி. ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்க. சரியாப் போச்சு."

கிரிசெல்டா சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் குடும்பங்கள் தங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். "இன்னும் ரத்தப் பரிசோதனை இருக்கு, தலையப் படம் பிடிக்கணும், டாக்டர் பாக்கணும். ஆனா இது வெறும் வயசு மறதி இல்ல. இது நோயோட ஆரம்பம். அம்மா இனிமே தனியா இருக்கக் கூடாது."

இரண்டு நாளாகச் சண்டை போட்டு அம்மாவை இங்கே இழுத்துவந்த மாரிபெல்தான் முதலில் உடைந்தாள். "இல்ல டாக்டரம்மா, அவங்க வெளையாடுறாங்க. எப்பவுமே இப்படித்தான், எல்லாத்துலயும் வெளையாட்டு. இன்னொரு தடவ கேளுங்க. அம்மா, ஒழுங்காச் சொல்லு." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. தான் ஜெயித்துவிட்டோம் என்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"சும்மா இருடி. ஆஸ்பத்திரியில கத்தாத," என்றார் அம்மாள். பிறகு நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டு, பேரம் பேசுகிறவர் மாதிரி குரலைத் தாழ்த்தினார். "கசேரா, பத்துக்கு எத்தன போட்டீங்க?"

"ஏழு."

"எட்டுன்னா பச்சையா?"

"ஆமா."

"அப்போ ஒண்ணே ஒண்ணு கொசுறு போடுங்க. நான் உங்களுக்குக் கொசுறு போடாம என்னிக்காவது அனுப்பியிருக்கேனா?"

இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. சோளப் பொட்டலத்தை நீட்டிய பிறகு, முக்காலிக்குக் கீழிருந்து இன்னொரு பிடி வரும். கிரிசெல்டாவுக்கு அது நன்றாகத் தெரியும். எட்டு என்று எழுத அரை நொடி போதும், இவேர்கூடக் கேட்க மாட்டான். ஆனால் எழுதினால், நான்கு மாதம் கழித்து ஓர் இரவு மேட்டுத்தெருவில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

"இதுல கொசுறு கிடையாதும்மா," என்றாள். "போட முடிஞ்சா போட்டிருப்பேன்."

அம்மாள் அவளை நன்றாகப் பார்த்தார். கோபம் இல்லை, சரக்குக்கு இதற்கு மேல் விலை குறையாது என்று தெரிந்துகொண்ட சந்தைக்காரியின் பார்வை. "சரி," என்றார். மகள் பக்கம் திரும்பினார். "பஸ் என்னிக்கு? சனிக்கிழமை வரைக்கும் நான் சதுக்கத்துல உக்காருவேன், சொல்லிட்டேன். நீயும் பக்கத்துல உக்காரு. மூக்கத் துடை."

எழுந்தார். பாவாடை மடிப்புகளைத் தட்டிவிட்டுக்கொண்டு, மேலங்கிப் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒரு பிடி மக்காச்சோளம் மூடிய கைக்குள் வந்தது. மேசைக்கு மேலே நீட்டினார்.

"இந்தாங்க. என் கடையில கொசுறு உண்டு."

கிரிசெல்டா எழுந்து நின்று, பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள்.